பூஜ்ஜியத்துக்குக் கீழே மிதிவண்டி: ஔலுவில் எனது முதல் குளிர்காலம்

நொய்யல்கரை (அக்டோபர் 19)

அனைவருக்கும் வணக்கம். கோயம்புத்தூரிலிருந்து பின்லாந்தின் ஔலு நகருக்கு வேலைக்காக வந்து இரண்டு மாதங்கள் ஆகின்றன. ரக்ஸிலாவில் வீடு, லின்னன்மாவில் அலுவலகம். இடையில் ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர். வந்த வாரமே 21 கியர் கொண்ட பழைய மிதிவண்டி ஒன்றை வாங்கிவிட்டேன். இங்கே மிதிவண்டிப் பாதைகள் பெரும்பாலும் சாலையைக் குறுக்கே வெட்டாமல் சுரங்கப் பாதைகளின் வழியாகவே செல்வதால், இருபத்தைந்து நிமிடங்களில் நிம்மதியாகப் போய்ச் சேர்ந்துவிடுகிறேன்.

பனி விழத் தொடங்கியதும் பேருந்துக்கு மாறிவிடலாம் என்றிருந்தேன். ஆனால் உடன் பணியாற்றும் பின்லாந்துக்காரர்கள் யாரும் மாறுவதாகத் தெரியவில்லை. "ஜனவரியிலும் இப்படித்தான் வருவேன்" என்று ஐம்பத்தெட்டு வயதுப் பெண்மணி ஒருவர் சாதாரணமாகச் சொன்னபோது எனக்குச் சற்று வெட்கமாகவே இருந்தது. மார்கழிக் காலையில் காதைச் சுற்றி மஃப்ளர் கட்டாமல் பால் வாங்கப் போகாத குடும்பத்திலிருந்து வந்தவன் நான். மைனஸ் இருபது டிகிரியில் மிதிவண்டி ஓட்டுவதற்கு எத்தகைய உடை வேண்டும், எவ்வளவு செலவாகும், உடல் தாங்குமா என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

---

வடக்குவாசி (அக்டோபர் 19)

வணக்கம் நண்பரே. இது ஔலுவில் எனக்குப் பத்தாவது குளிர்காலம். அவற்றில் எட்டில் மிதிவண்டியிலேயே வேலைக்குச் சென்றிருக்கிறேன். நீங்கள் குளிரைப் பற்றி மட்டும் கேட்டிருக்கிறீர்கள். தரையைப் பற்றி ஒரு வரிகூடக் கேட்கவில்லை. நானும் முதல் ஆண்டில் அப்படித்தான் இருந்தேன். முந்நூறு யூரோவுக்கு மேல் உடைக்குச் செலவழித்துவிட்டு, கோடைக்கால டயரோடு நவம்பர் மாதத்தில் ஒரு சுரங்கப் பாதையின் அடியில் விழுந்து, மணிக்கட்டில் மூன்று வாரங்கள் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். அன்று வெப்பநிலை மைனஸ் ஒன்று.

மைனஸ் பதினைந்தில் இங்குள்ள பாதை உண்மையில் நல்ல பாதை. மிதிவண்டிப் பாதைகளில் இங்கே பொதுவாக உப்புப் போடுவதில்லை. பனியை வழித்து, மிஞ்சியதை இறுக்கி, மேலே பொடிக்கல்லைத் தூவுகிறார்கள். உலர்ந்து இறுகிய அந்தப் பனியின்மேல் சக்கரம் 'நறநற' என்ற ஒலியோடு பிடித்துக்கொண்டே செல்லும். வெப்பநிலை பூஜ்ஜியத்துக்கு மேலும் கீழுமாக ஊசலாடும் நாள்களில்தான் ஆபத்து இருக்கிறது. பகலில் மேற்பரப்பு உருகி, அந்த நீர் சரிவுகளின் அடியில் தேங்கி, இரவில் கண்ணாடிபோல் உறைந்து, காலையில் அதன்மேல் மெல்லிய நீர்ப்படலமோ புதுப்பனியோ படிந்திருக்கும். நீங்கள் புகழ்ந்த சுரங்கப் பாதைகளின் அடிப்பகுதிதான் அதற்கு மிகவும் பிடித்த இடம். எனவே நவம்பரும் மார்ச்சும்தான் உங்களுக்குச் சோதனைக் காலம், ஜனவரி அல்ல.

ஆகவே முதல் செலவு ஆணி பதித்த டயராக இருக்கட்டும். 'டங்ஸ்டன் கார்பைடு' முனைகொண்ட சிறு ஆணிகள் அதில் இருக்கும். சுவோமி டயர்ஸ் தயாரிப்புகளில் டபிள்யூ 106, டபிள்யூ 240 என்று பெயரிலேயே ஆணிகளின் எண்ணிக்கை இருக்கிறது. வழித்து விடப்படும் நகரப் பாதைகளுக்கு 106 போதும். தடம் பதிந்து மேடு பள்ளமாக உறைந்த பாதைகளில் செல்பவர்களுக்குத்தான் 240 தேவைப்படும். இரண்டு சக்கரங்களுக்கும் சேர்த்து நூறு யூரோவுக்கு மேல் ஆகும் என்றாலும் பல ஆண்டுகள் உழைக்கும். பின்லாந்தில் கார்களுக்குக் குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம், மிதிவண்டிக்குக் கட்டாயமில்லை. பணம் போதாதென்றால் முன்சக்கரத்துக்காவது போடுங்கள். பின்சக்கரம் வழுக்கினால் காலை ஊன்றிச் சமாளிக்கலாம். முன்சக்கரம் வழுக்கினால், வழுக்கியது தெரிவதற்குள் தரையில் கிடப்பீர்கள். புது டயரை முதல் 40, 50 கிலோமீட்டர் தூரத்துக்குத் தார்ச்சாலையில், திடீர் பிரேக்கும் வேகமும் இல்லாமல் ஓட்டினால் ஆணிகள் தத்தம் குழிகளில் நன்றாக அமர்ந்துகொள்ளும். பனி விழும்வரை காத்திருக்காமல் இப்போதே மாட்டச் சொல்வதற்கு அதுவே காரணம். முதல் பனி விழுந்த மறுநாள் கடையில் வரிசை நிற்கும் என்பது இன்னொரு காரணம்.

காற்றழுத்தத்தையும் கவனியுங்கள். வீட்டுக்குள் 20 டிகிரியில் 3 பார் அழுத்தத்துக்குக் காற்றடித்த டயர், வெளியே மைனஸ் இருபதில் ஏறத்தாழ இரண்டரை பாராகச் சுருங்கிவிடும். சற்றுக் குறைவான அழுத்தம் பனியில் நல்லதுதான். ஆனால் அது உங்கள் கணக்கில் இருக்க வேண்டும்.

---

பனங்கூடல் (அக்டோபர் 20)

தம்பிக்கு வணக்கம். நான் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவன், கனடாவின் ஒன்ராறியோவில் வசிக்கிறேன். பதினோரு ஆண்டுகளாகத் துவிச்சக்கர வண்டியில்தான் வேலைக்குச் சென்று வருகிறேன்.

வடக்குவாசி அவர்கள் சொன்னவற்றில் ஒன்றை எங்கள் பக்கத்து அனுபவத்திலிருந்து மாற்றிச் சொல்ல வேண்டியுள்ளது. இங்கே எல்லாம் உப்பு. குளிர்காலத்தின் பெரும்பகுதி பூஜ்ஜியத்தைச் சுற்றியே நிற்பதால் உப்பு நன்றாக வேலை செய்கிறது. அதன் விளைவாக வீதியில் பனியுமில்லை, பனிக்கட்டியுமில்லை. சாம்பல் நிறக் குழம்புதான் இருக்கிறது. அந்தக் குழம்பு சங்கிலியைத் தின்றுவிடும். நல்ல சங்கிலி ஒன்றை ஒரே பருவத்தில் துருவுக்குக் கொடுத்திருக்கிறேன். ஆகவே ஒவ்வொரு மாலையும் வண்டியை உள்ளே கொண்டுவந்து, இளஞ்சூட்டு நீரால் கழுவி, துடைத்து, எண்ணெய் இட்டு வைக்கிறேன். தம்பியும் அப்படிச் செய்வது நல்லது.

இன்னொரு விடயம் வெளிச்சம். மின்கலத்தில் எரியும் விளக்குகள் கடுங்குளிரில் அரைவழியில் அணைந்துவிடுகின்றன. நான் முன்சக்கரத்தின் நடுவிலுள்ள குடத்துக்குள்ளேயே டைனமோ உள்ள சக்கரம் ஒன்றைப் போட்டிருக்கிறேன். சக்கரம் சுழலும்வரை விளக்கு எரியும். தொண்ணூறுகளில், மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்தில், வண்டியைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். டயரில் உரசிச் சுழலும் அந்தப் பழைய போத்தல் டைனமோ பனிக்கு உதவாது. அதன் உருளை ஈர டயரில் வழுக்கிவிடும். குட டைனமோவுக்கு அந்தக் குறை இல்லை.

---

பனிமலர் (அக்டோபர் 20)

நான் ஔலு பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவி, கையோன்ஹர்யுவில் குடியிருக்கிறேன். நொய்யல்கரை அவர்கள் கேட்ட உடை பற்றி இதுவரை யாரும் பதில் சொல்லவில்லை என்பதால் நான் சொல்கிறேன்.

வெயில் நாட்டிலிருந்து வரும் நம்மில் பெரும்பாலோர் செய்யும் தவறு, அளவுக்கு அதிகமாக உடுத்துவதுதான். வீட்டு வாசலில் நிற்கும்போது கதகதப்பாக இருந்தால் மூன்றாவது கிலோமீட்டரில் வியர்த்துவிடும்; அந்த வியர்வை அலுவலகத்தின் கடைசித் திருப்பத்தில் உங்களை நடுங்க வைக்கும். முதல் ஐந்து நிமிடங்கள் குளிர வேண்டும், அதுவே சரியான அளவு. உள்ளே பருத்திப் பனியன் மட்டும் வேண்டாம். அது ஈரத்தைப் பிடித்துக்கொண்டு விடாது. மெல்லிய மெரினோ கம்பளிச் சட்டை ஒன்று, அதன்மேல் காற்றுப் புகாத மேலங்கி ஒன்று, இவை மைனஸ் பத்து வரை எனக்குப் போதுமானவை. காற்றுப் புகாத என்பதை அழுத்திச் சொல்கிறேன். காற்றே வீசாத மைனஸ் பத்து டிகிரியில் நீங்கள் மணிக்கு இருபது கிலோமீட்டர் வேகத்தில் சென்றால், உங்கள் முகம் உணர்வது மைனஸ் பதினெட்டை ஒத்த குளிராகும். ஆற்றைக் கடக்கும் பாலத்தில் எதிர்க்காற்றும் சேர்ந்துகொள்ளும்போது, அது வரை நல்லதென்று நினைத்த உடையின் உண்மை தெரிந்துவிடும்.

உடம்பைவிடக் கைவிரல்களும் கால்விரல்களும்தான் தொல்லை தருபவை. ஐந்து விரல்களும் தனித்தனியாக உள்ள கையுறையில் விரல்கள் தனித்தனியாக உறையும். கட்டைவிரலை மட்டும் பிரித்துவிட்டு மற்றவற்றைச் சேர்த்து வைக்கும் கையுறையே மேல். மைனஸ் இருபதுக்குக் கீழே நான் கைப்பிடியின்மேல் மாட்டும் தடித்த உறைகளையும் பயன்படுத்துகிறேன். பார்ப்பதற்கு அழகாக இருக்காது, ஆனால் அவற்றுக்குள் மெல்லிய கையுறையே போதும். காலணி ஓர் எண் பெரிதாக இருக்கட்டும். இறுக்கமான காலணிக்குள் இரண்டு காலுறைகளைத் திணித்தால் இரத்த ஓட்டம் தடைப்பட்டு இன்னும் அதிகமாகக் குளிரும். என் அம்மா ஊரிலிருந்து அனுப்பிய மூன்று ஜோடிக் கம்பளிக் காலுறைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்து சென்ற நாளில்தான் எனக்கு இது புரிந்தது.

கண்ணாடி அணிபவர்கள் மூக்கை மூடிக் கட்டினால் மூச்சு மேலேறிக் கண்ணாடி மங்கிவிடும். வாயை மட்டும் தளர்வாக மூடி, மூக்கை வெளியே விட்டுவிடுங்கள்.

வெளிச்சம் பற்றிப் பனங்கூடல் ஐயா சொன்னதை வழிமொழிகிறேன். டிசம்பர் இறுதியில் இங்கே பகல் என்பது மூன்றரை மணி நேரம்தான். அலுவலகம் போவதும் வருவதும் இருட்டில்தான் நிகழும். இருட்டில் முன்விளக்கோடு சிவப்புப் பின்விளக்கும் எரிய வேண்டும் என்பது 2020 ஜூன் முதல் சட்டம்.

---

வடக்குவாசி (அக்டோபர் 20)

பனங்கூடல் ஐயா சொன்னது அவருடைய ஊருக்கு முற்றிலும் சரி. ஆனால் அதே பழக்கத்தை நொய்யல்கரை இங்கே பின்பற்றினால் நடுவழியில் நிற்க நேரிடும் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

சாதாரண உப்பு மைனஸ் பத்துக்குக் கீழே ஏறத்தாழப் பயனற்றது. அதனால்தான் ஹெல்சிங்கியில் சில முதன்மைப் பாதைகளில் தூரிகையால் பெருக்கி உப்பிடும் முறை இருக்கும்போது, 600 கிலோமீட்டர் வடக்கே உள்ள நாங்கள் பனியையே பாதையாக வைத்துக்கொள்கிறோம். உப்பில்லாத உலர்பனி சங்கிலியைத் துருப்பிடிக்க வைப்பதில்லை. இங்கே வண்டிக்கு எதிரி, உருகி மறுபடி உறையும் நீர். பனி ஒட்டிய வண்டியை மாலையில் சூடான வீட்டுக்குள் கொண்டுவந்தால் அந்தப் பனி உருகி, பிரேக் கம்பியின் உறைக்குள்ளும் கியர்ப் பகுதிக்குள்ளும் இறங்கும். காலையில் மைனஸ் பதினெட்டில் வெளியே எடுத்த சில நிமிடங்களில் அந்த நீர் உறைந்துவிடும். எனக்கு இரண்டாம் ஆண்டில் இது நேர்ந்தது. பின்சக்கரக் குடத்தின் உள்ளே, பெடலை மிதிக்கும்போது பல்லைக் கவ்விப் பிடிக்கும் சிறு நாக்குகள் இருக்கும்; அவை உறைந்து மடிந்தபடியே நின்றுவிட்டதால், பெடல் முன்னும் பின்னும் வெறுமனே சுற்றியது, வண்டி ஓர் அங்குலம்கூட நகரவில்லை. துய்ராவிலிருந்து அலுவலகம் வரை தள்ளிக்கொண்டே நடந்தேன்.

எனவே, ஒன்று வண்டியைக் குளிர்காலம் முழுவதும் குளிரிலேயே வைத்திருங்கள். அல்லது உள்ளே கொண்டுவந்தால் இரவு முழுவதும் நன்றாகக் காயவிடுங்கள். அரைகுறையாக உருகவிட்டு மீண்டும் வெளியே எடுப்பது மட்டும் கூடாது. மின்சார மிதிவண்டியாக இருந்தால் மின்கலத்தைக் கழற்றி உள்ளே எடுத்து வரலாம். பூஜ்ஜியத்துக்குக் கீழே குளிர்ந்திருக்கும் லித்தியம் மின்கலத்தை மின்னேற்றினால் அது நிரந்தரமாகப் பழுதாகும், ஆகவே அறை வெப்பத்துக்கு வந்த பிறகே மின்னேற்ற வேண்டும்.

உங்கள் 21 கியர் வண்டியைப் பற்றி ஒரு யோசனை. அதைக் கோடைக்கு வைத்துக்கொண்டு, குளிர்காலத்துக்கென்று இங்குள்ளவர்கள் 'மும்மோபியோரா' என்று அழைக்கும் பழைய வண்டி ஒன்றை வாங்குங்கள். அந்தச் சொல்லுக்குப் 'பாட்டி மிதிவண்டி' என்று பொருள். கியரே இருக்காது, அல்லது குடத்துக்குள் மூன்று இருக்கும். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிரேக் பிடிக்கும். அந்தப் பிரேக்குக்கு உறையக்கூடிய கம்பி கிடையாது. உங்கள் அலுவலகப் பெண்மணி எதில் வருகிறார் என்று பாருங்கள், பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.

ஓட்டும் முறையில் சொல்ல வேண்டியது சிறிதே. இருக்கையை இரண்டு சென்டிமீட்டர் இறக்கிக்கொள்ளுங்கள், கால் தரையைத் தொடட்டும். திருப்பத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, திருப்பத்தில் முன்பிரேக்கைத் தொடாமல் செல்லுங்கள். மைனஸ் இருபத்தைந்துக்குக் கீழே நானே பேருந்தில்தான் செல்கிறேன். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

---

பனங்கூடல் (அக்டோபர் 21)

விளக்கத்துக்கு நன்றி. இத்தனை ஆண்டுகளாக எங்கள் குழம்பைத்தான் குளிர்காலம் என்று எண்ணியிருந்தேன். நான் சொன்ன கழுவும் முறையைத் தம்பி மறந்துவிடலாம். டைனமோவை மட்டும் மறக்க வேண்டாம்.

குளிர்கால மிதிவண்டிப் பயணத்துக்கென்றே ஒரு பன்னாட்டு மாநாடு இருப்பதும், அதன் முதல் கூட்டம் 2013ஆம் ஆண்டு ஔலுவில்தான் நடந்தது என்பதும் தம்பிக்குத் தெரியுமோ தெரியாது. மறு ஆண்டு எங்கள் நாட்டின் வின்னிபெக் நகரில் நடந்தது. அங்கும் உங்களைப் போலவே உறைகுளிர்தான்.

---

நொய்யல்கரை (அக்டோபர் 26)

அனைவருக்கும் நன்றி. உடைக்கென ஒதுக்கியிருந்த பணத்தில் பாதியை டயருக்கு மாற்றிவிட்டேன். அந்தப் பெண்மணியின் வண்டியையும் பார்த்தேன்: கருநீல நிறம், கியர் கிடையாது, முன்னால் ஒரு கூடை. எத்தனை ஆண்டுகளாக ஓட்டுகிறீர்கள் என்று கேட்டதற்கு, அது அவருடைய தாயாரின் வண்டி என்றார்.

அதேபோன்ற ஒன்று பழைய பொருள் அங்காடியில் 70 யூரோவுக்குக் கிடைத்தது. முன்சக்கரத்துக்கு 106 ஆணி டயரைப் போட்டுவிட்டேன்; பின்சக்கரத்துக்கு அடுத்த மாதச் சம்பளத்தில். மூன்று நாள்களாகத் தார்ச்சாலையில் ஓட்டி ஆணிகளை அமர வைத்துக்கொண்டிருக்கிறேன். கடலை வறுப்பதுபோல் ஒரு சத்தம் வழியெல்லாம் கூடவே வருகிறது. ஒரே ஒரு சந்தேகம்: காலையில் பூட்டுத் துளை உறைந்துபோனால் என்ன செய்வது?

---

பனிமலர் (அக்டோபர் 26)

பெட்ரோல் நிலையங்களில் பூட்டுக்கென்றே உறைநீக்கித் திரவம் சிறு குப்பியில் விற்கிறார்கள். அதை மேலங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வாங்கிய முதல் குப்பியை மிதிவண்டிப் பைக்குள் வைத்து, அந்தப் பையையும் பூட்டிவிட்டுச் சென்றிருந்தேன்.