வீட்டில் ஆடும் போக்கருக்கு எந்தெந்த விதிகளை எழுதி வைக்க வேண்டும்?

செங்காங் வாசி:

நண்பர்களுக்கு வணக்கம். சிங்கப்பூரின் செங்காங்கில் உள்ள எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில், மாதத்தின் முதல் சனிக்கிழமை மாலையில் எட்டுப் பேர் கூடி டெக்சஸ் ஹோல்டம் (ஆளுக்கு இரண்டு சீட்டும் நடுவில் ஐந்து பொதுச் சீட்டும் வைத்து ஆடும் போக்கர்) ஆடுவது இரண்டு ஆண்டுகளாக வழக்கமாகிவிட்டது. ஐவர் தமிழர்கள்; மூவர் என்னுடன் பணிபுரியும் சீன நண்பர்கள். ஆளுக்கு 20 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) சிப், அதாவது பணத்துக்குப் பதிலான வில்லை, வாங்குவோம். பிளைண்ட் (சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் கட்டாயமாக வைக்கும் தொகை) 10 காசும் 20 காசும். தோற்றாலும் யாருக்கும் தூக்கம் கெடாத தொகை என்பதால், விதி என்று ஒன்றை எழுதி வைக்க வேண்டும் என எங்களுக்குத் தோன்றியதே இல்லை.

சென்ற மாதம் அப்படித் தோன்றும்படி ஒன்று நடந்தது. நடுவில் 31 வெள்ளி சேர்ந்திருந்த ஓர் ஆட்டத்தில் இருவர் மட்டுமே மிஞ்சியிருந்தார்கள். பொதுச் சீட்டுகளாக ஆட்டின் (ஹார்ட்) 4, ஆட்டின் 9, ஆட்டின் கிங், கிளாவர் 7, ஸ்பேட் 2 ஆகியவை கிடந்தன. கடைசிப் பந்தயம் முடிந்ததும் ஒருவர் தம் சீட்டைத் திறக்காமலேயே "ஃப்ளஷ்" (ஒரே இனச் சீட்டு ஐந்து) என்றார். உடனே மற்றவர் தம் இரண்டு சீட்டையும் கவிழ்த்தபடி கழிவுச் சீட்டுகளின் பக்கம் தள்ளிவிட்டார். அதன் பிறகு முதலாமவர் திறந்து காட்டியது ஆட்டின் ஜாக்கும் டைமண்ட் குயினும். இரண்டும் சிவப்பாக இருந்ததால் டைமண்டை ஆட்டின் என்று எண்ணிவிட்டார். உண்மையில் அவர் கையில் ஒரு ஜோடிகூட இல்லை. மற்றவர் பாய்ந்து, கழிவின் ஓரத்தில் தனியாகக் கிடந்த தம் சீட்டுகளைத் திருப்பினார்: கிங்கும் ஏழும், அதாவது இரண்டு ஜோடி. "சீட்டை விட்டவர் விட்டவர்தான்" என்று மூவரும், "பொய் சொல்லிப் பணம் எடுக்கக் கூடாது" என்று மூவரும் பேசத் தொடங்கி, அன்றைய ஆட்டமே அத்தோடு நின்றுபோனது. அந்த 31 வெள்ளி இப்போது என் மேசை இழுப்பறையில் ஓர் உறைக்குள் இருக்கிறது.

அந்தப் பணம் யாருக்குச் சேர வேண்டும்? பந்தயம் கட்டும் முறை குறித்தும் அடிக்கடி முணுமுணுப்பு எழுவதால், எவற்றை எழுதி ஒட்டலாம் என்றும் சொல்லுங்கள். மேலும், சாப்பாட்டுச் செலவு முழுவதும் என் மனைவியின் தலையிலேயே விழுகிறது. ஒவ்வொரு ஆட்டத்திலும் நடுவில் சேரும் பணத்திலிருந்து 50 காசு எடுத்து அதை ஈடுகட்டலாமா என்பதும் என் கேள்வி.

ஏழுகல் பாறை:

பந்தயம் கட்டும் நேரத்தில் வாய்ச்சொல் ஆளைக் கட்டுப்படுத்தும். தம் முறை வந்ததும் "ரெய்ஸ்" (உயர்த்துகிறேன்) என்று சொல்லிவிட்டவர் அதிலிருந்து பின்வாங்க முடியாது. சீட்டைத் திறக்கும் நேரத்திலோ வாய்ச்சொல்லுக்கு எந்த மதிப்பும் இல்லை. மேசையில் முகம் தெரியக் கிடக்கும் சீட்டுகள் எதைக் காட்டுகின்றனவோ அதுவே கணக்கு. ஆகவே "ஃப்ளஷ்" என்ற சொல்லால் உங்கள் நண்பர் எதையும் வென்றுவிடவில்லை. எதிராளியின் இரண்டு சீட்டையும் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே தம் சீட்டைக் கைவிட்டது இன்னொருவரின் தவறு, அதுவும் சிறிய தவறன்று; கழிவோடு கலந்த கை பொதுவாகச் செத்த கைதான், அதாவது செல்லாது. ஆனாலும், பாப் சியாஃபோன் தொகுத்து, பல கிளப்புகளும் வீடுகளும் அடிப்படையாக வைத்திருக்கும் விதித்தொகுப்பு இதற்கு ஒரு விலக்கு அளிக்கிறது. கைவிட்ட சீட்டு எது என்று ஐயமின்றி அடையாளம் தெரிந்து, அதை மீட்பது ஆட்டத்தின் நேர்மைக்கு உகந்ததாகவும் இருந்தால் மீட்கலாம் என்றும், தவறான தகவலைக் கேட்டுக் கைவிட்டிருந்தால் அதை மீட்கக் கூடுதலாக முயல வேண்டும் என்றும் அது சொல்கிறது. நீங்கள் விவரித்தபடி அவை ஓரத்தில் தனியாகக் கிடந்திருந்தால், 31 வெள்ளியும் கிங்–ஏழு வைத்திருந்தவருக்கே என்பது என் தீர்ப்பு. வேண்டுமென்றே ஃப்ளஷ் என்று பொய் சொல்லியிருந்தால், அவருக்குப் பணம் மட்டுமல்ல, அடுத்த மாத அழைப்பும் கிடைக்கக் கூடாது.

இதே சண்டை மறுபடி வராமல் இருக்க, யார் முதலில் காட்ட வேண்டும் என்பதை எழுதி வையுங்கள். கடைசிச் சுற்றில் இறுதியாகப் பந்தயம் கட்டியவரோ உயர்த்தியவரோ முதலில் காட்ட வேண்டும். அச்சுற்றில் யாருமே பந்தயம் கட்டவில்லையென்றால், டீலர் பட்டனுக்கு (சீட்டுப் போடும் முறை யாருடையது என்று காட்ட ஆட்டத்துக்கு ஆட்டம் நகரும் வில்லை) இடப்புறம் ஆட்டத்தில் எஞ்சியிருக்கும் முதல் ஆள் காட்ட வேண்டும். வென்றதாகச் சொல்பவர் இரண்டு சீட்டையும் காட்டியே தீர வேண்டும். ஒன்றை மட்டும் காட்டிப் பணத்தை இழுத்துக்கொள்ளக் கூடாது.

முணுமுணுப்பு எழுவதாக நீங்கள் சொல்வது பெரும்பாலும் சிப்பைத் தவணையில் வைப்பதால்தான் இருக்கும். ஒருவர் இரண்டு சிப்பை முன்னே வைத்து, எதிராளியின் முகத்தைப் பார்த்துவிட்டு, பிறகு மூன்றாவதை எடுக்கக் கை நீட்டுவார். அதற்கு இடம் தராதீர்கள்: உயர்த்த விரும்புபவர் முதலில் வாயால் சொல்ல வேண்டும், அல்லது மொத்தத்தையும் ஒரே கையசைவில் முன்னே தள்ள வேண்டும். அதேபோல், 20 காசு பிளைண்டுக்கு எதிராக ஒரே ஒரு 1 வெள்ளிச் சிப்பை ஒன்றும் சொல்லாமல் வைத்தால் அது வெறும் கால் (எதிரே உள்ள தொகைக்கு ஈடு வைப்பது). மீதி 80 காசு அவரிடமே திரும்பும். உயர்த்தும் தொகை அதற்கு முந்தைய உயர்வுக்குக் குறையக் கூடாது: 20 காசை ஒருவர் 60 ஆக்கினால் உயர்வு 40, எனவே அடுத்தவர் குறைந்தது ஒரு வெள்ளியாக ஆக்க வேண்டும். முறை வராமல் முந்திக்கொண்டு ஃபோல்டு செய்வதும் (சீட்டைக் கைவிடுவதும்) குற்றமே. தமக்கு அது அற்பமாகத் தெரியலாம். ஆனால் நடுவில் இருப்பவருக்கு, தமக்குப் பின்னால் ஓர் எதிரி குறைந்துவிட்டான் என்ற செய்தி இலவசமாகக் கிடைத்துவிடுகிறது.

ஆட்டம் தொடங்கும்போது மேசையில் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுதான் அந்த ஆட்டத்துக்கான பணம். நல்ல சீட்டு வந்ததும் சட்டைப்பையிலிருந்து 50 வெள்ளித் தாளை எடுக்கக் கூடாது. வென்ற சிப்பைச் சத்தமில்லாமல் பைக்குள் போடவும் கூடாது. கையிருப்புக் குறைந்தவர் முழுவதையும் வைத்துவிட்டால் கணக்கைப் பிரிக்க வேண்டும். ஒருவரிடம் 5, இன்னொருவரிடம் 12, மூன்றாமவரிடம் 20 வெள்ளி இருந்து மூவரும் ஆல் இன் போனால், முதல் குவியல் 15 வெள்ளி, அதற்கு மூவரும் போட்டியிடுவர். அடுத்த குவியல் 14 வெள்ளி, அது பின்னிருவருக்கு மட்டும். மீதி 8 வெள்ளி மூன்றாமவருக்கே திரும்பும். இதைத் துண்டுச்சீட்டில் எழுதிச் சிப் பெட்டியின் மூடியில் ஒட்டி வைத்திருக்கிறேன். எத்தனை ஆண்டு ஆடினாலும் இரவு பதினொரு மணிக்கு இந்தக் கழித்தல் யாருக்கும் வருவதில்லை.

பட்டன்காரர்:

மேலே எழுதியவரோடு மற்ற எல்லாவற்றிலும் உடன்படுகிறேன்; கைவிட்ட சீட்டை மீட்பதில் மட்டும் உடன்பட முடியவில்லை. கிளப்பில் சம்பளம் வாங்கும் டீலரும் மேற்பார்வையாளரும் இருக்கிறார்கள். எந்தச் சீட்டு எங்கே விழுந்தது என்று பார்த்துக்கொண்டே இருப்பது அவர்களுடைய வேலை. நம் வீட்டில் சீட்டுப் போடுபவரே ஆடவும் செய்கிறார், இடது கையில் முறுக்கும் வைத்திருக்கிறார். "ஓரத்தில் தனியாகக் கிடந்தது" என்பதற்கு யார் சாட்சி சொல்வது? கையை விட்டு, கவிழ்ந்து, கழிவைத் தொட்டுவிட்டால் செத்ததுதான் என்ற ஒற்றை வரி கடுமையானது. ஆனால் அதைக் கேட்ட யாரும் இரண்டாவது முறை அந்தத் தவறைச் செய்வதில்லை. சென்ற மாத ஆட்டத்துக்கு அப்படி ஒரு விதி முன்கூட்டியே இல்லை என்பதால், அந்தப் பணத்தை இருவருக்கும் பாதியாகப் பிரித்துவிட்டு, இனிமேலுக்கு மட்டும் விதி செய்யுங்கள்.

தீர்ப்பு சொல்வது யார் என்பதையும் எழுதுங்கள். வீட்டுக்காரர் சொல்லட்டும், அவரே அந்த ஆட்டத்தில் பங்கு வகித்தால், ஏற்கெனவே ஃபோல்டு செய்துவிட்டவர்களில் மூத்தவர் சொல்லட்டும். தீர்ப்பு பிடிக்காதவர் ஆட்டம் முடிந்து காப்பி குடிக்கும்போது வாதாடலாம்.

நீலச்சிப்:

நான் பெருவிரைவு ரயிலில் இரண்டு நிறுத்தம் தள்ளி, எங்கள் வீட்டில் இதே ஆட்டத்தை நடத்துபவள். ஐயா, அந்த 50 காசு யோசனையை தயவுசெய்து இன்றே கைவிடுங்கள். 2022 ஆகஸ்ட் 1 முதல் நடப்பில் இருக்கும் சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டம், குடும்பத்தினரும் நண்பர்களும் வீட்டில் கூடிப் பணம் வைத்து ஆடுவதைச் சில நிபந்தனைகளோடு அனுமதிக்கிறது: ஆட்டம் ஒருவரின் வீட்டில் நடக்க வேண்டும், ஆடுபவர்கள் ஒருவரையொருவர் நேரில் அறிந்தவர்களாக இருக்க வேண்டும், அது தொழிலாக நடத்தப்படக் கூடாது, ஆடி வென்ற தொகையைத் தவிர வேறு வகையில் யாரும் அதிலிருந்து ஆதாயம் பெறக் கூடாது. நடுப்பணத்திலிருந்து வீட்டுக்காரர் ஒரு பங்கை எடுக்கத் தொடங்கினால், அது பக்கோடாவுக்கா வருமானத்துக்கா என்று விளக்கம் சொல்லும் நிலைக்கு நீங்களே உங்களைத் தள்ளிக்கொள்கிறீர்கள். சாப்பாட்டுக் கணக்கைச் சிப்போடு கலக்கவே கலக்காதீர்கள். எங்கள் வீட்டில் கடையில் வாங்கிய ரசீதைக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிவிடுவோம். வந்தவர்கள் தலைக்கு இவ்வளவு என்று பேநவ் (கைப்பேசிவழிப் பணமாற்று) வழியாக அனுப்பிவிட்டுத்தான் உட்காருவார்கள். வசதிக்காகப் புளோக்கின் கீழ்த்தளத்துக்கு ஆட்டத்தை மாற்றுவதோ, வெளியூர் போன நண்பருக்காகச் செயலியில் பணம் வைத்து ஆடுவதோ இந்த விலக்குக்குள் வராது என்பதையும் நினைவில் வையுங்கள். நண்பரின் நண்பரை ஆட்டத்துக்கு அழைத்து வருவதற்கு முன், எல்லோரோடும் ஒரு நாள் சாப்பிட அழையுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஐந்து தமிழரும் மூன்று சீனரும் இருக்கும் மேசையில், ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது இரண்டு தமிழர் தமிழில் பேசிச் சிரித்தால், அது வானிலையைப் பற்றியதாகவே இருந்தாலும் மொழி புரியாதவருக்குச் சந்தேகம் வரும். சீட்டு போட்ட நேரத்திலிருந்து பணத்தை இழுக்கும் வரை எல்லோருக்கும் தெரிந்த மொழியில்தான் பேச வேண்டும் என்பது சூதாட்டக்கூடங்களில் பரவலாக உள்ள விதி. நான் மொழிப்பற்று உள்ளவள்தான், இருந்தும் இதை எங்கள் மேசையில் முதல் விதியாக வைத்திருக்கிறேன். ஃபோல்டு செய்தவர் "ஐயோ, அந்த ஒன்பதைப் போட்டுவிட்டேனே" என்று முனகுவது எந்த மொழியிலும் குற்றம். பக்கத்தில் இருப்பவரிடம் சீட்டைக் காட்டினால், ஆட்டம் முடிந்ததும் எல்லோருக்கும் காட்ட வேண்டும். வெல்லும் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, எதிராளி நம்பிக்கையோடு தம் சீட்டைத் திறந்த பிறகும் அரை நிமிடம் பெருமூச்சு விட்டுவிட்டு மெதுவாகத் திறப்பது எந்த விதியையும் மீறவில்லை. ஆனால் அப்படிச் செய்பவரோடு அடுத்த மாதம் உட்கார யாருக்கும் மனம் வருவதில்லை.

மேசையில் கடன் கொடுக்க வேண்டாம். இரண்டு முறைக்கு மேல் சிப் வாங்க வேண்டாம் என்ற வரம்பை வீட்டுக்காரர் சொன்னால், தோற்றுக்கொண்டிருப்பவருக்கு அது ஒரு கௌரவமான காரணமாகிவிடும். முடியும் நேரத்தை அழைப்பிலேயே சொல்லிவிடுங்கள். பத்தரை மணிக்குக் கடைசிச் சுற்று என்றால், பட்டன் ஒரு முறை மேசையைச் சுற்றி வந்ததும் எழுந்துவிட வேண்டும். வென்றவர் சீக்கிரம் கிளம்புவதைக் குறையாகப் பேசுகிறார்கள். அரை மணி நேரம் முன்பே சொல்லிவிட்டால் எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை.

கடைசியாக, உங்கள் சண்டைக்கு மூலகாரணம் சிவப்பு நிறம். நான்கு நிறச் சீட்டுக்கட்டு கிடைக்கிறது. அதில் டைமண்ட் நீலமாகவும் கிளாவர் பச்சையாகவும் இருக்கும். முழுவதும் பிளாஸ்டிக்கில் செய்ததாகப் பார்த்து வாங்குங்கள். காகிதச் சீட்டில் எண்ணெய் பட்டால் மூன்றாவது வாரமே ஏஸ் எது என்று முதுகைப் பார்த்தே சொல்லிவிடலாம். பிளாஸ்டிக்கை ஈரத்துணியால் துடைத்துவிடலாம்.

செங்காங் வாசி:

மூவருக்கும் நன்றி. நேற்று எட்டுப் பேரையும் கேட்டேன். கைவிட்டுக் கழிவைத் தொட்ட சீட்டு செத்ததே என்ற கடுமையான வரியை ஆறு பேர் ஏற்றுக்கொண்டார்கள். ஃப்ளஷ் என்று சொன்னவரே அதில் முதலில் கை உயர்த்தியவர் என்பதைக் குறிப்பிட வேண்டும். பழைய பணத்தைப் பாதியாகப் பிரித்து ஆளுக்கு 15 வெள்ளி 50 காசு கொடுத்துவிட்டேன். 50 காசு எடுக்கும் யோசனையைக் கைவிட்டாயிற்று. ரசீது முறை வந்ததில் என் மனைவிக்கு உங்கள் எல்லோரையும்விட மகிழ்ச்சி. மொழி விதியைப் படித்துக் காட்டியபோது சீன நண்பர்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஹொக்கியனில் தாங்களும் அதையே செய்துகொண்டிருந்ததாக ஒருவர் ஒப்புக்கொண்டார்.

நான்கு நிறச் சீட்டுக்கட்டு இரண்டு வாங்கிவிட்டேன். ஒன்றில் ஆடும்போது மற்றொன்றைக் கலைத்து வைக்கலாம் என்பது எண்ணம். நீல நிற டைமண்டைப் பார்த்த எங்கள் ஃப்ளஷ் நண்பர், இதை ஸ்பேட் என்று நினைத்துவிட மாட்டேன் என்பதற்கு என்ன உத்தரவாதம் என்று கேட்கிறார்.