மஞ்சள் லாப்ரடார் ஈற்றில் இரண்டு கறுப்புக் குட்டிகள்: என் நாய் தூய இனம்தானா?

கேள்வி: முதல்நாய்

வணக்கம். இரண்டு மாதங்களுக்கு முன்பு, மஞ்சள் லாப்ரடார் என்று சொல்லி விற்கப்பட்ட ஓர் ஆண்குட்டியை வாங்கினேன். அப்போது அதற்கு எட்டு வாரம். இப்போது நான்கு மாதம் நிறைந்துவிட்டது. வம்சாவளிச் சான்றிதழ் இல்லை என்பதை விற்றவர் முதலிலேயே சொல்லிவிட்டார். தாய், தந்தை இரண்டும் அசல் லாப்ரடார்கள்தான் என்றும், கண்காட்சிக்குக் கொண்டுபோகும் எண்ணம் இல்லாததால் பதிவு செய்யவில்லை என்றும் காரணம் கூறினார். தாயை நேரில் பார்த்தேன்: மஞ்சள் நிறம், அடிபருத்த வால், சாதுவான குணம். தந்தையைக் கைப்பேசியில் ஒரு படமாக மட்டுமே காட்டினார்; அதுவும் மஞ்சள்தான்.

குட்டியைக் கையில் வாங்கிய பிறகு அன்று எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. இப்போதுதான் ஒவ்வொன்றாகக் கண்ணில் படுகிறது. ஓடும்போது வால் முதுகின்மேல் வளைந்து நிற்கிறது. மார்பில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் ஆளுக்கொரு இனத்தின் பெயரைச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அந்த ஈற்றில் ஐந்து மஞ்சள், இரண்டு கறுப்பு என்று மொத்தம் ஏழு குட்டிகள். லாப்ரடாரில் கறுப்பும் உண்டு என்பதால் எனக்கு அது வியப்பாகப் படவில்லை. தடுப்பூசி அட்டையிலும் இனம் என்ற இடத்தில் லாப்ரடார் என்றே எழுதியிருக்கிறது.

தோற்றத்தை வைத்து இதை உறுதி செய்ய முடியுமா? மரபணுப் பரிசோதனையில் தூய இனம் என்று வந்தால், அதைக் காட்டிச் சான்றிதழ் பெற முடியுமா? குட்டியைத் திருப்பிக் கொடுக்கும் எண்ணம் எனக்குத் துளியும் இல்லை. என்னிடம் சொல்லப்பட்டது உண்மையா என்று தெரிந்தால் போதும்.

மறுமொழி: பழைய வளர்ப்பாளர்

தடுப்பூசி அட்டையை முதலில் ஒதுக்கி வையுங்கள். அங்கே எழுதப்படுவது நாயைக் கொண்டுவந்தவர் சொன்ன இனம்தான். மருத்துவர் ஆராய்ந்து கண்ட முடிவு அன்று.

மார்பில் உள்ள வெள்ளைப் புள்ளியை வைத்து ஐயப்பட வேண்டாம். சிறிய புள்ளியாக இருந்தால் லாப்ரடாரின் இன வரையறையே அதை அனுமதிக்கிறது. வால்தான் கவனிக்க வேண்டியது. லாப்ரடாரின் வால் நீர்நாயின் வால்போல அடியில் பருத்து நுனியை நோக்கிக் குறுகி, சுற்றிலும் குட்டையான அடர்மயிரோடு இருக்க வேண்டும். மகிழ்ச்சியில் உயர்த்திப் பிடிக்கலாமே தவிர, முதுகின்மேல் சுருண்டு விழக்கூடாது. ஆனால் நான்கு மாதக் குட்டியின் வாலைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல நான் துணிய மாட்டேன். அந்த வயதில் கால் ஒரு வேகத்திலும் உடல் ஒரு வேகத்திலும் வளரும். நல்ல வம்சத்துக் குட்டிகளே அப்போது வேறேதோ நாய்போலத் தெரிவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒரு வயது தாண்டியபின் ஓய்வாக நிற்கும்போது வால் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

கழுத்துப் பகுதியில் மயிரை விரலால் பிரித்துப் பார்ப்பதும் பயன் தரும். மேலே நேரான, சற்று முரடான மயிரும், அடியில் தோலையொட்டிப் பஞ்சுபோன்ற மயிரும் என இரண்டு அடுக்குகள் தெரிய வேண்டும். விரல்களுக்கு நடுவே சவ்வு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். எல்லா நாய்களுக்குமே ஓரளவு சவ்வு உண்டு என்பதால் அதில் பொருளில்லை.

இவையெல்லாம் பொருந்தினாலும், லாப்ரடார்போல இருக்கிறது என்று சொல்லலாமே தவிர, லாப்ரடார் என்று அடித்துச் சொல்ல முடியாது. லாப்ரடாருக்கும் வேறோர் இனத்துக்கும் பிறந்த குட்டிகள் பல சமயம் லாப்ரடாரையே உரித்து வைத்திருக்கும்.

மறுமொழி: நிறமரபு

வாலை விடுங்கள். உங்கள் கேள்வியிலேயே வாலைவிடப் பெரிய செய்தி ஒன்று இருக்கிறது. நீங்கள் அதைப் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். இரண்டு மஞ்சள் லாப்ரடார்களுக்குக் கறுப்புக் குட்டி பிறக்காது.

லாப்ரடாரில் கறுப்பு, மஞ்சள், சாக்லேட் என மூன்றே நிறங்களுக்குத்தான் இன வரையறையில் இடம் உண்டு. மஞ்சள் நிறம் எம்சி1ஆர் என்ற மரபணுவின் ஒடுங்கிய வடிவத்தால் வருவது. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகளும் அந்த வடிவமாகவே அமைந்தால்தான் நாய் மஞ்சளாகும். ஆகவே மஞ்சள் நாயிடம் குட்டிக்குக் கொடுக்க வேறு வடிவமே இல்லை; இரண்டு மஞ்சள்கள் சேர்ந்தால் ஈற்று முழுவதும் மஞ்சளாகத்தான் இருக்கும். உங்கள் ஈற்றில் இரண்டு கறுப்புக் குட்டிகள் இருந்தன என்றால், அவற்றுக்காவது படத்தில் இருந்த அந்த நாய் தந்தையாக இருக்க முடியாது.

அதனால் உங்கள் குட்டி கலப்பினம் என்று ஆகிவிடாது. மஞ்சள் மரபணுவை உள்ளே வைத்திருக்கும் ஒரு கறுப்பு லாப்ரடார் தந்தையாக இருந்தால், சராசரியாகப் பாதி மஞ்சளும் பாதி கறுப்பும் பிறக்கும். ஏழு குட்டிகளில் ஐந்துக்கு இரண்டு என்று அமைவது அதில் இயல்பே. இரண்டு தந்தைகள் இருந்திருக்கவும் கூடும். பெண்நாய் சூட்டில் இருக்கும்போது சில நாட்கள் கருத்தரிக்கும் நிலையில் இருக்கும். ஆணின் விந்தணுவும் அதன் உடலில் பல நாட்கள் உயிரோடிருக்கும். ஆகவே ஒரே ஈற்றில் வெவ்வேறு தந்தைகளின் குட்டிகள் பிறப்பது நாய்களில் நடப்பதுதான்.

உங்களுக்குச் சாதகமில்லாத வாய்ப்பும் ஒன்று உண்டு. தாயோ தந்தையோ பார்வைக்கு மஞ்சளாக இருந்தாலும், அது லாப்ரடாரின் மஞ்சளாக இல்லாமல், வேறு இனங்களில் வேறொரு மரபணுவால் வரும் செம்மஞ்சளாக இருக்கலாம். இதை வீட்டிலேயே ஓரளவு சோதிக்கலாம். லாப்ரடாரின் மஞ்சளில் மூக்கும் கண்ணிமை விளிம்பும் பொதுவாகக் கறுப்பாக இருக்கும். ஆனால் மயிரில் கறுப்பு நிறமி உண்டாகவே உண்டாகாது. மற்றவகைச் செம்மஞ்சளில் முதுகு, வால், மீசை என எங்காவது கறுப்பு மயிர் எட்டிப் பார்க்கும். நல்ல வெளிச்சத்தில் மீசையைப் பாருங்கள். முடிந்தால் தாயின் மீசையையும் பாருங்கள். ஆனால் கறுப்பு இல்லாததே தூய்மைக்குச் சான்றாகிவிடாது. கோல்டன் ரெட்ரீவரும் இதே மரபணுவால்தான் பொன்னிறமாக இருக்கிறது.

மறுமொழி: பதிவேடு

சான்றிதழ் பற்றிய கேள்விக்கு வருகிறேன். மரபணுப் பரிசோதனை முடிவைக் காட்டி வம்சாவளிச் சான்றிதழ் வாங்க முடியாது. நாய் இனங்களின் பதிவேட்டை வைத்திருக்கும் கென்னல் கிளப் போன்ற அமைப்புகளில், தூய இனம் என்ற சொல்லுக்கு இன்று பொதுவாக ஒரே பொருள்தான்: தாயும் தந்தையும் அதே இனத்தில் ஏற்கெனவே பதிவாகியிருக்க வேண்டும். நாய் எப்படி இருக்கிறது என்பது அங்கே பெரும்பாலும் கேள்வியே அன்று. அமெரிக்கன் கென்னல் கிளப் பதிவில்லாத நாய்களுக்கென ஒரு தனிப்பட்டியல் வைத்திருக்கிறது. கருத்தடை செய்த நாய்கள் அதில் சேர்ந்து சில போட்டிகளில் கலந்துகொள்ளலாம், அவ்வளவுதான்.

எனவே விற்றவரிடம் கேட்க வேண்டியது ஒன்றே: தாயின் பதிவு எண் என்ன, தந்தையின் பதிவு எண் என்ன? இரண்டும் இருந்தால் ஈற்றைப் பதிவு செய்ய வேண்டியவர் அவர்தான். உங்களால் அது ஆகாது. பெற்றோர் பதிவு பெற்ற நாய்கள் என்றால் அந்த எண்களைச் சொல்ல யாரும் தயங்குவதில்லை. மழுப்பினால், என் அனுபவத்தில், எண் இல்லை என்றே கொள்ளலாம்.

பரிசோதனையில் இரண்டு வகை உண்டு. பலரும் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். இனப் பரிசோதனை உங்கள் நாயின் மரபணுவை ஆய்வகத்தின் கையிருப்பில் உள்ள இன மாதிரிகளோடு ஒப்பிட்டு மதிப்பீடு தரும். பாதிக்குப் பாதி கலப்பை அது எளிதில் பிடித்துவிடும், ஆனால் இரண்டு மூன்று சதவீதமாக வரும் உதிரிப் பெயர்களை நான் பொருட்படுத்துவதில்லை. தந்தைமைப் பரிசோதனை வேறு. குட்டி, தாய், ஐயத்துக்குரிய ஆண்நாய்கள் எல்லாவற்றின் மாதிரியும் கிடைத்தால் தந்தை யார் என்பதைச் சொல்லிவிடும்.

சான்றிதழ் இருந்தாலும் எழுதிக் கொடுத்தவரின் நேர்மையை நம்பித்தான் ஆக வேண்டும். நான் கேட்டால் சான்றிதழுக்கு முன், இடுப்பு மூட்டில் கோளாறு இருக்கிறதா என்று காட்டும் பெற்றோரின் எக்ஸ்ரேயைத்தான் கேட்பேன்.

மறுமொழி: முதல்நாய்

மூவருக்கும் நன்றி. நேற்றிரவு மேசை விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மீசையை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அவன் விளக்கைக் கடிக்கப் பார்த்தான். கறுப்பு மயிர் ஒன்றுகூட இல்லை. கழுத்தில் உள்மயிர் இருக்கிறது.

இன்று காலை விற்றவரை அழைத்துப் பதிவு எண்களைக் கேட்டேன். இரண்டுக்கும் எண் இல்லை. இரண்டு மஞ்சள் நாய்களுக்குக் கறுப்புக் குட்டி பிறக்காதாமே என்றதும் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, அதே வீட்டில் அவருடைய தம்பியின் கறுப்பு லாப்ரடார் ஒன்றும் இருந்தது என்றும், இரண்டு ஆண்களும் தாயோடு ஒன்றாகத்தான் திரிந்தன என்றும் ஒப்புக்கொண்டார். அப்படியானால் மஞ்சள் நாயின் படத்தை மட்டும் ஏன் காட்டினீர்கள் என்று கேட்டேன். அந்தப் படம்தான் நன்றாக விழுந்திருந்தது என்றார்.

மறுமொழி: நிறமரபு

அந்தப் பதிலை நான் நம்புகிறேன். ஏமாற்ற நினைப்பவர் இன்னும் நல்ல காரணமாகக் கண்டுபிடித்திருப்பார். தம்பியின் நாயையும் நேரில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பரிசோதனை செய்வதானால், நோய்க்கான மரபணுக்களையும் சேர்த்துப் பார்க்கும் ஆய்வகமாகத் தேர்ந்தெடுங்கள். கடும் ஓட்டத்துக்குப் பின் லாப்ரடார்கள் பின்னங்கால் துவண்டு விழும் நோய்க்குக் காரணமான மரபணு 2008இல் அடையாளம் காணப்பட்டது. அது உங்கள் குட்டியிடம் இரண்டு பிரதியாக இருக்கிறதா என்பது, மார்புப் புள்ளியைவிட உங்கள் அன்றாட வாழ்வில் அதிகம் பயன்படும். மாதிரி எடுப்பதற்கு முன் ஆய்வகம் சொல்லும் நேரத்துக்கு உணவு கொடுக்காதீர்கள். மற்ற நாய்களோடு ஒரே கிண்ணத்தில் தண்ணீர் குடிக்கவும் விடாதீர்கள்.

மறுமொழி: முதல்நாய்

தாயின் மாதிரியும் கறுப்பு நாயின் மாதிரியும் எடுக்க ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். மஞ்சள் நாயை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டாராம். என் குட்டியின் கன்னத்தில் தடவி எடுத்த பஞ்சுக்குச்சிகள் இரண்டில் ஒன்றை அவன் கடித்து விழுங்கப் பார்த்தான். பாதியைத்தான் மீட்க முடிந்தது. மற்றதை உறையில் போட்டு வைத்திருக்கிறேன்.