முதல் கெழு ஒன்றாக இல்லாத இருபடிக் கோவையைக் காரணிப்படுத்துவது எப்படி?

பாலக்கோட்டிலிருந்து ஒரு தாய்:
அனைவருக்கும் வணக்கம். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகள், ம² + 7ம + 12 என்பதை (ம + 3)(ம + 4) என்று உடனே பிரித்துவிடுகிறாள். ம²-க்கு முன்னால் ஓர் எண் (கெழு) வந்துவிட்டால் தடுமாறுகிறாள். (தட்டச்சு எளிதாக இருப்பதால் மாறியை ‘ம’ என எழுதுகிறேன்.) 6ம² + 11ம − 10 என்ற கணக்கில், 6-ஐயும் −10-ஐயும் பெருக்கி −60 எனக் கொண்டு, பெருக்கினால் −60-உம் கூட்டினால் 11-உம் வரும் 15, −4 ஆகிய எண்களைச் சரியாகக் கண்டுபிடித்த பிறகு, விடையை (ம + 15)(ம − 4) என்று எழுதுகிறாள். இது ஏன் தவறு என்றும், அவ்விரண்டையும் முதலில் எதற்காகப் பெருக்க வேண்டும் என்றும் அவள் கேட்பதற்கு எனக்கு விளக்கம் சொல்லத் தெரியவில்லை.

அரூர், ஓய்வு பெற்ற கணித ஆசிரியர்:
அம்மா, 15, −4 என்பவை நடு உறுப்பைப் பிரிப்பதற்கான எண்களே தவிர, விடையில் அப்படியே வைப்பதற்கானவை அல்ல. 6ம² + 15ம − 4ம − 10 என எழுதி, முதல் இரண்டு உறுப்புகளிலிருந்து 3ம என்பதையும், அடுத்த இரண்டிலிருந்து −2 என்பதையும் பொதுவாக வெளியே எடுத்தால், 3ம(2ம + 5) − 2(2ம + 5) கிடைக்கும். ஆகவே விடை (3ம − 2)(2ம + 5). −2 வெளியே வரும்போது −10 அடைப்புக்குள் +5 ஆக மாறுகிறது. பிள்ளைகள் பெரும்பாலும் குறியைத் தவறவிடும் இடம் இதுதான்.

பெருக்குவது எதற்காக என்பது நல்ல கேள்வி. அதைக் கேட்காமலேயே பலர் பத்தாம் வகுப்பைத் தாண்டிவிடுகிறார்கள். விடையை மீண்டும் விரித்துப் பார்த்தால், 15 என்பது 3 × 5 ஆகவும், −4 என்பது −2 × 2 ஆகவும் வந்திருப்பது தெரியும். ஓரங்களில் உள்ள 6 என்பதோ 3 × 2, −10 என்பது −2 × 5. இரண்டு இணைகளிலும் இருப்பவை அதே நான்கு எண்களே என்பதால், அவற்றின் பெருக்கற்பலனும் ஒன்றாகவே, −60 ஆகவே, இருந்தாக வேண்டும்.

காவேரிப்பட்டினம் வாசகர்:
எங்கள் பக்கத்து வழக்கப்படி இதை ஒரு மாந்தோப்பாக எண்ணிக்கொள்ளலாம்: கோவை மொத்த மரங்கள், ஒரு காரணி வரிசைகள், மற்றது வரிசைக்கு எத்தனை மரங்கள் என்பது. ம = 4 என்றால் மொத்தம் 96 + 44 − 10 = 130 மரங்கள்; ஆசிரியர் ஐயாவின் விடையிலும் 10 வரிசைகள், வரிசைக்கு 13 மரங்கள். மகளின் விடையில் 19 × 0, அதாவது தோப்பில் ஒரு மரம்கூட இல்லை!

பாலக்கோட்டிலிருந்து ஒரு தாய்:
இருவருக்கும் நன்றி. 2ம² + 3ம − 4 என்பதற்கு எவ்வளவு தேடியும் எண்கள் அமையவில்லையே, ஐயா?

அரூர், ஓய்வு பெற்ற கணித ஆசிரியர்:
அமையாதம்மா. நடுக் கெழுவின் வர்க்கத்திலிருந்து, ஓரங்களில் உள்ள எண்களின் பெருக்கற்பலனை நான்கு மடங்காக்கிக் கழித்தால், 9 + 32 = 41 வருகிறது; அது முழு வர்க்கம் அன்று என்பதால், முழு எண்களைக் கொண்டு இதைப் பிரிக்க இயலாது. முந்தைய கணக்கில் 121 + 240 = 361, அதாவது 19-இன் வர்க்கம். பத்தாம் வகுப்பில் இதையே தன்மைகாட்டி என்ற பெயரில் அவள் படிப்பாள்.