பழனி ரோப் கார்: காற்றடித்தால் நிற்கும் வண்டி நமக்கு எதற்கு?

தாராபுரத்தான்:
தினமும் மதியம் ஒரு மணி நேரம் நிற்கிறது. மாதம் ஒரு நாள் நிற்கிறது. வருடாந்திரப் பராமரிப்பு என்று ஒரு மாதத்துக்கு மேல் நிற்கிறது. போதாததற்கு ஆடிக் காற்று. 2004 நவம்பரில் ஓடத் தொடங்கிய நாளிலிருந்து இதே கதைதான். பக்கத்திலேயே மின் இழுவை ரயில், அதாவது நாம் சொல்லும் விஞ்ச், 1966 முதல் தண்டவாளத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. குன்றுதோறும் ரோப் கார் கேட்கிறார்களே, விஞ்ச் கேட்டால் என்ன?

 

உடுமலை வாத்தியார்:
தம்பி, காற்றைத் திட்ட நமக்கு வாயில்லை. பாலக்காட்டுக் கணவாயில் நுழைந்து வருகிற அதே காற்றுதான் நம் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. விஞ்ச் மேலே போக எட்டு நிமிடம், ரோப் காருக்கு மூன்று. நிற்பதைக் குறை என்கிறீர்கள். 2007-இல் நடந்த விபத்தில் நான்கு பேர் இறந்ததை மறந்துவிட்டீர்களா? அதற்குப் பிறகும் நிறுத்தாமல் ஓட்டச் சொல்வீர்களா?

தாராபுரத்தான்:
ஐயா, நீங்கள் எனக்கே சாட்சி சொல்கிறீர்கள். விஞ்ச் வழியில் நின்றால் காலடியில் மலை இருக்கிறது, இறக்கிவிட்டு நடத்திக் கூட்டிப்போகலாம். ரோப் காரில்? 2024 ஜூலையில் கரூர் மாவட்டத்து அய்யர்மலையில் திறந்த மறுநாளே காற்றில் நின்றுபோய், ஏறியவர்கள் அந்தரத்தில் தவித்தார்களே!

உடுமலை வாத்தியார்:
அய்யர்மலைக்கு 1,017 படி. அந்தச் சரிவில் விஞ்ச் போட வேண்டுமானால் அடிவாரத்திலிருந்து உச்சி வரை நேர்கோடாகப் பாறையைக் குடைந்து தண்டவாளம் பதிக்க வேண்டும். ரோப் காருக்கு அங்கங்கே தூண் நட்டால் போதும். மலையே சாமி என்று கும்பிடும் ஊரில் இதையும் யோசிக்க வேண்டாமா?

பெருந்துறை அத்தை:
இரண்டு பேரும் நடந்து ஏறியே பல வருடம் ஆகியிருக்கும் போலிருக்கிறது! பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடித் தீர்த்தம் சுமந்து வருகிறவர்கள் வண்டியைக் கேட்டா வருகிறார்கள்? பழனியில் படி எழுநூறுக்குள்தான். படி வேண்டாமென்றால் யானைப்பாதை சாய்வாகப் போகிறது, உட்கார்ந்து உட்கார்ந்து ஏறலாம். என் மாமியார் மட்டும் விஞ்ச்சில்தான் போவார். ஏறியதும் கண்ணை மூடிக்கொண்டு முன் கம்பியை இறுகப் பிடிப்பார். மேலே போய் இறங்கும்போது உள்ளங்கையில் கம்பி பதிந்து சிவந்திருக்கும். அவரை ரோப் காரில் ஏற்ற முருகனே வந்தாலும் முடியாது.

உடுமலை வாத்தியார்:
அம்மணி, உங்கள் மாமியாருக்கு எதிராக நான் வாதாட மாட்டேன். ஆனால் பராமரிப்பு முடிந்ததும் அந்தப் பெட்டிகளில் ஆளுக்குப் பதில் எடைக்கல்லை வைத்து ஓட்டிப் பார்ப்பார்கள். ஒருமுறை அடிவாரத்தில் நின்று பார்த்தேன். கற்கள் மட்டும் வரிசையாக மலையேறின, இறங்கின, மறுபடி ஏறின. சிரிப்பு வந்தது, தைரியமும் வந்தது.

தாராபுரத்தான்:
சரி ஐயா, கல் போய்த் திரும்பியதும் சொல்லியனுப்புங்கள். அதுவரை நான் விஞ்ச் வரிசையில் நிற்கிறேன், அத்தையின் மாமியாருக்குப் பின்னால்.