கேப்ஸ்யூலா, பழைய சோறா?

வெண்ணாற்றங்கரை: அம்மாவுக்குக் காய்ச்சலுக்கு ஐந்து நாள் ஆன்டிபயாட்டிக் கொடுத்ததில் வயிறு கெட்டுவிட்டது. கடையில் புரோபயாட்டிக் கேப்ஸ்யூல் தந்து, நல்ல பாக்டீரியா குடலில் ஊன்றிவிடும் என்றார்கள். எங்கே ஊன்றுகிறது? பெரும்பாலும் வழிப்போக்கர்தான், விழுங்குவதை நிறுத்தினால் சில நாளில் போய்விடும். பேசாமல் பழைய சோறு சாப்பிடலாம்.

குடமுருட்டி: தம்பி, தங்காவிட்டால் வேலையே செய்யாது என்று யார் சொன்னது? கேப்ஸ்யூலில் வழக்கமாக இருக்கிற லாக்டோபேசில்லஸ், பிஃபிடோபாக்டீரியம் என்கிற பாக்டீரியா வகைகள் இரண்டும் பியூட்டிரேட் என்கிற கொழுப்பு அமிலத்தைச் செய்யாது, சரி. ஆனால் அவை போகிற வழியில் விடுகிற லாக்டிக் அமிலத்தையும் அசிட்டேட்டையும் வைத்தும் நம் குடலில் ஏற்கெனவே இருக்கிற வேறு பாக்டீரியாக்கள் பியூட்டிரேட் ஆக்குகின்றன, பெருங்குடல் சுவர்ச் செல்களுக்கு அதுதான் முக்கியச் சாப்பாடு. 2017இல் வெளியான ஒடிசா ஆய்வைப் பாருங்கள். நாலாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பச்சைக் குழந்தைகள், ஏழு நாள் புரோபயாட்டிக், ரத்தத்தில் கிருமி பரவுவதும் இறப்பும் சேர்த்து 40 சதவீதம் குறைந்தது.

வெண்ணாற்றங்கரை: அண்ணே, அதில் பாக்டீரியாவோடு அதற்குத் தீனியும் சேர்த்துக் கொடுத்தார்கள். பிறந்த குழந்தையின் குடல் காலி மனை, அம்மாவின் குடல் அப்படியா? 2018இல் இஸ்ரேலின் வைஸ்மன் ஆராய்ச்சி நிறுவனம் ஆன்டிபயாட்டிக்குக்குப் பின் புரோபயாட்டிக் கொடுத்துப் பார்த்ததில், சொந்த பாக்டீரியாக்கள் திரும்பி வரவே தாமதமானது.

குடமுருட்டி: அது மிகச் சிலரை வைத்துச் செய்தது. அதை வைத்து மொத்தத்தையும் தள்ளாதீர்கள்.

அரசலாறு: இருவரும் தீனியை விட்டுவிட்டுப் பேசுகிறீர்கள். ராத்திரி புழுங்கலரிசிச் சோறு ஆறியதும் மண்பானையில் தண்ணீர் ஊற்றி மூடி வைத்தால், காலையில் ஓரமெல்லாம் சின்னச் சின்னக் குமிழ், லேசான புளிப்பு வாசம். அதில் இருப்பதும் வழிப்போக்கர்தான் தம்பி! ஆனால் ஆறிய சோற்றில் மாவுச்சத்தில் கொஞ்சம் செரிக்காத வகையாக மாறிப் பெருங்குடல்வரை போகிறது, கடித்துக்கொள்ளும் சின்ன வெங்காயத்தின் நாரும் அப்படியே. பியூட்டிரேட் பெரும்பாலும் வருவது அதிலிருந்துதான். அதற்காகத் தீட்டிய வெள்ளை அரிசியை மட்டும் நம்பாதீர்கள், வாழைத்தண்டு, கீரை, தட்டைப்பயறு எல்லாம் வேண்டும்.

குடமுருட்டி: தீனி விஷயத்தில் அக்கா சொல்வது சரி. கேப்ஸ்யூல் வீண் என்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தம்பி, அம்மாவுக்கு இன்னும் தண்ணீராகப் போகிறதா? ரத்தமோ காய்ச்சலோ இருந்தால் சோறும் வேண்டாம், கேப்ஸ்யூலும் வேண்டாம், இன்றே டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

வெண்ணாற்றங்கரை: நேற்றிலிருந்து நின்றிருக்கிறது அண்ணே, காய்ச்சலும் இல்லை. காலையில் மோர் விட்டு ஒரு கிண்ணம் சாப்பிட்டார்.