கரைசல் கணக்குகள்: எத்தனை மோல், எதற்குள்?

வேதியியல் ஆசிரியர்:
40 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடை ஒரு லிட்டர் நீரில் கரைத்தால் ஒரு மோலார் கரைசல் கிடைக்கும் என்று ஒரு மாணவி எழுதியிருந்தார். மோல் என்பது ஒரு பொருளின் மூலக்கூறு நிறையைக் கிராமில் எடுத்த அளவு; சோடியம் ஹைட்ராக்சைடுக்கு அது 40 கிராம் என்பதால் மோல் கணக்கில் பிழை இல்லை. அந்த லிட்டர்தான் இடம் மாறியிருந்தது. மோலாரிட்டியில், அதாவது லிட்டருக்கு எத்தனை மோல் என்ற செறிவில், வரும் லிட்டர் கரைப்பானுடையதன்று, கரைசலுடையது. ஆகவே குறைந்த நீரில் கரைத்து, கரையும்போது எழும் வெப்பம் தணிந்த பின், திட்டக் குடுவையின் குறி வரை நீர் சேர்க்க வேண்டும். அதே 40 கிராமை ஒரு கிலோகிராம் நீரில் கரைத்தால் கிடைப்பது ஒரு மோலால் கரைசல், அதாவது ஒரு கிலோகிராம் கரைப்பானுக்கு ஒரு மோல். வெப்பநிலை மாறினால் கரைசலின் பருமன் மாறும், நிறை மாறாது. கொதிநிலை உயர்வைக் கணக்கிடுகையில் மோலாலிட்டியை எடுத்துக்கொள்வதற்கு இதுவே காரணம். சூத்திரத்தை ஒதுக்கிவைத்து, "எத்தனை மோல், எதற்குள்?" என்று மட்டும் எழுதச் சொன்னேன். 250 மி.லி. கரைசலில் 49 கிராம் கந்தக அமிலம் (ஒரு மோல் 98 கிராம்) இருந்தால் அரை மோல் கால் லிட்டருக்குள் இருக்கிறது, எனவே 2 மோலார் என்று அடுத்த கணக்கை அவரே முடித்துவிட்டார். அலகுகளை இறுதிவரை உடன் எழுதும் பழக்கத்தைவிடச் சிறந்த துணை இப்பாடத்தில் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

ஆய்வகப் பணியாளர்:
ஐயா சொன்ன கேள்வி அடர் அமிலப் புட்டியின் முன்னும் எழுகிறது. புட்டியில் 37 சதவீதம் என்றிருப்பதைக் கண்டு, 100 மி.லி.யில் 37 கிராம் ஹைட்ரஜன் குளோரைடு உள்ளது என்று கொண்ட மாணவர் ஒருவருக்குச் செறிவு சுமார் 10.1 மோலார் என வந்தது. அது நிறை சதவீதம். 100 கிராம் அமிலத்தில்தான் 37 கிராம். அடர்த்தி மி.லி.க்கு 1.18 கிராம் என்பதால் ஒரு லிட்டரின் நிறை 1180 கிராம், அதில் ஹைட்ரஜன் குளோரைடு ஏறத்தாழ 437 கிராம், அதை அதன் மோலார் நிறையான 36.5 ஆல் வகுத்தால் சுமார் 12 மோலார். ஒரு லிட்டர் 0.1 மோலார் கரைசலுக்கு 8.4 மி.லி. போதும், அதையும் நீரில் அமிலத்தைச் சேர்க்க வேண்டுமே தவிர, அமிலத்தில் நீரைச் சேர்க்கக் கூடாது. புட்டியைத் திறக்கும்போதெல்லாம் வாயு வெளியேறுவதால், இப்படித் தயாரித்த கரைசலை நீரற்ற சோடியம் கார்பனேட்டுக்கு எதிராகத் தரம் பார்த்த (வினைபுரிய வைத்து உண்மைச் செறிவைக் கண்டறிந்த) பிறகே நம்பலாம்.

கல்லூரி மாணவி:
எங்கள் செய்முறை வகுப்பில், ஒரு காரத்தின் செறிவைக் காணப் பயன்படும் 250 மி.லி. 0.1 நார்மல் (லிட்டருக்கு 0.1 சமான நிறை) ஆக்சாலிக் அமிலத்துக்காக என் இணை மாணவர் 1.125 கிராம் எடைபோட்டார். பியூரெட் (சொட்டுச் சொட்டாக விடும் அளவுக் குழாய்) அளவீடுகள் அழகாக ஒத்துப்போயின. ஆனாலும் கணக்கிட்ட காரத்தின் செறிவு எதிர்பார்த்ததைவிட 1.4 மடங்கு வந்தது. படிகத்தில் உள்ள இரண்டு நீர் மூலக்கூறுகளையும் சேர்த்தால் மோலார் நிறை 126, சமான நிறை, அதாவது ஒரு ஹைட்ரஜன் அயனியைத் தரும் நிறை, அதில் பாதியான 63. அவர் அந்த நீரைச் சேர்க்காமல் 90 ஐக் கொண்டு 45 என எடுத்திருந்தார். இப்படி நேர்ந்தால் கரைசலைக் கொட்டிவிடத்தான் வேண்டுமா, ஐயா?

வேதியியல் ஆசிரியர்:
வேண்டாம், அம்மா. எடைபோட்ட நிறை தெரிந்திருக்கிறது. 1.125 ஐ 63 ஆல் வகுத்து, வருவதை 0.25 லிட்டரால் வகுத்தால் 0.0714 நார்மல். அதே பியூரெட் அளவீடுகளுடன் இந்த மதிப்பைச் சேர்த்துக் கணக்கிட்டால் காரத்தின் செறிவு சரியாகவே கிடைக்கும்.