கற்பனைச் சமூகம் உருவாக்கும் குழுச் செயல்திட்டம்: கொடியோடும் பெயரோடும் நின்றுவிடாமல் நடத்துவது எப்படி?

கரும்பலகை (கேள்வி)

ஒன்பதாம் வகுப்பு, 36 பிள்ளைகள், ஆறு ஆறு பேராக ஆறு குழு. சமூக அறிவியலில் "புதிய சமூகம் ஒன்றை நீங்களே வடிவமையுங்கள்" என்று செயல்திட்டம் கொடுக்க வேண்டும். 45 நிமிடப் பீரியட் ஆறு கிடைக்கும்.

இந்த மாதிரித் திட்டம் வழக்கமாக எப்படி முடியும் என்று தெரிந்ததுதான். முதல் பீரியட் முழுக்க நாட்டின் பெயர், கொடி, தேசிய விலங்கு. கடைசியில் சார்ட்டில் "இங்கே எல்லாரும் சமம், வரி இல்லை, குற்றம் இல்லை, எல்லாம் இலவசம்". எழுதுவது ஒருத்தர், கலர் அடிப்பது ஒருத்தர், மற்ற நாலு பேர் வேடிக்கை. பிள்ளைகளை நிஜமாகவே யோசிக்க வைக்க எங்கிருந்து தொடங்கலாம்? மார்க் எப்படிப் போடுவது?

நான்காவது_பீரியட் (பதில்)

"எல்லாம் இலவசம்" என்று எழுதும் பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. எதற்குமே தட்டுப்பாடு இல்லாத ஊரில் சட்டத்துக்கு வேலை கிடையாது, அதனால் எழுத ஒன்றும் இருக்காது. தட்டுப்பாட்டை நீங்கள் கொடுங்கள், சமூகத்தை அவர்கள் கட்டட்டும்.

எல்லாக் குழுவுக்கும் ஒரே அட்டை போதும். மொத்தம் 500 பேர்: சிறுவர் 150, முதியோர் 50, உழைக்கக்கூடியவர் 300. விளைநிலம் 60 ஹெக்டேர், ஹெக்டேருக்கு 2 டன் தானியம், பயிருக்கு மழை. நாளுக்கு 20,000 லிட்டர் தரும் ஊற்று ஒன்று. வெளியிலிருந்து எதுவும் வராது.

முதல் பீரியடில் கணக்கு மட்டும். ஆளுக்கு நாளைக்கு 2,100 கிலோ கலோரி என்பது நிவாரண முகாம்களுக்குத் திட்டமிடும்போது வைத்துக்கொள்ளும் சராசரி. 500 பேருக்கு 10,50,000. உலர்ந்த தானியம் கிலோவுக்குச் சுமார் 3,500 என்றால் நாளுக்கு 300 கிலோ, வருடத்துக்கு ஏறக்குறைய 110 டன். அதற்கே 55 ஹெக்டேர் போய்விடும். மிச்சம் 5 ஹெக்டேர். காய்கறியா, துணிக்குப் பருத்தியா, மாட்டுக்கு மேய்ச்சலா? விதைக்கு எடுத்து வைத்தாயிற்றா? எலி தின்றது போக எவ்வளவு மிஞ்சும்? இதை யார் முடிவு செய்வது என்று குழுவுக்குள் சத்தம் கிளம்பும்போது பாடம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். தண்ணீருக்கும் அப்படியே: நெருக்கடியில் ஆளுக்குக் குறைந்தபட்சம் 15 லிட்டர் என்று கணக்கிடுவார்கள், ஆக 7,500 போனால் 12,500 லிட்டர் கையில். அதில் கால்நடைக்கு எவ்வளவு, துணி துவைக்க எவ்வளவு என்று பங்கு பிரிக்கட்டும்.

இரண்டாம் பீரியடில் உழைப்பு. குழுவுக்கு 60 பட்டன் கொடுங்கள், ஒரு பட்டன் ஐந்து ஆள். சார்ட்டில் வட்டங்கள் போட்டு அவர்களே வேலைகளின் பெயரை எழுதிப் பட்டனை வைக்க வேண்டும். ஒரு ஆள் அரை ஹெக்டேர் பார்ப்பார் என்று வைத்தால் 60 ஹெக்டேருக்கு 24 பட்டன். (இது விளையாட்டுக்கான விதி. கருவியையும் மாட்டையும் பொறுத்து நிஜத்தில் நிறைய மாறும்.) மீதி 36-இல் முதல் சுற்றிலேயே படைக்கும் காவலுக்கும் தாராளமாக ஒதுக்கிவிடுவார்கள். குழந்தை வளர்ப்பு, சமையல், கழிவு அகற்றுவது மூன்றுக்கும் பெரும்பாலும் வட்டமே இருக்காது. நீங்கள் திருத்தாதீர்கள். பக்கத்தில் போய் நின்று, "அப்பா அம்மா வயலில் இருக்கிறார்கள், இந்த 150 பேரும் இப்போது எங்கே?" என்று மட்டும் கேளுங்கள். படை வட்டத்திலிருந்து பட்டன் ஒவ்வொன்றாக நகரும். கழிவு வட்டத்துக்கு வரும்போது "அந்த வேலை யாருக்கு, எத்தனை நாளுக்கு, அவர்கள் பிள்ளைகளுக்கும் அதேதானா?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு ஒரு பீரியடே போனாலும் நஷ்டமில்லை.

பெயரும் கொடியும் ஆறாவது பீரியடில், அதுவும் கடைசிப் பத்து நிமிடம்.

வட்டமேசை

மேலே சொன்னதோடு ஒத்துப்போகிறேன். ஆனால் கணக்கை வீட்டுவேலையாகக் கொடுத்துவிடாதீர்கள், கணக்கு நன்றாக வரும் ஒரு பிள்ளையின் தலையில் விழுந்துவிடும்.

மூன்றாவது பீரியடில் சட்டம். "கல்வி, நீதி, நிர்வாகம்" என்று தலைப்பு கொடுத்தால் பாடப்புத்தகத்தைப் பார்த்து எழுதுவார்கள். வழக்கு கொடுங்கள். ஒரு வீட்டார் இரவில் இரண்டு மடங்கு தண்ணீர் எடுக்கிறார்கள். வேலையில் கை உடைந்தவருக்கு முழுப் பங்கா, பாதிப் பங்கா? ஊற்றுக்குப் பக்கத்து நிலத்தை இரண்டு பேர் கேட்கிறார்கள். சபைத் தலைவர் பொய்க்கணக்கு எழுதுகிறார் என்று ஒருவர் பொது இடத்தில் சொல்கிறார், ஆதாரம் இல்லை. 17 வயதுப் பெண் தனக்கு ஒதுக்கிய வேலையைச் செய்ய மறுக்கிறாள். ஒவ்வொன்றுக்கும் எழுதும் விதியில் யார் விசாரிப்பது, எதை வைத்து முடிவெடுப்பது, மீறினால் என்ன, தீர்ப்பு பிடிக்காவிட்டால் யாரிடம் போவது என்ற நான்கும் வந்தாக வேண்டும்.

தண்ணீர்த் திருட்டுக்கு முதலில் வரும் பதில் ஊரைவிட்டு விரட்டுவதுதான். 300 உழைப்பாளிகளில் ஒரு குடும்பத்தை விரட்டினால் பட்டன் என்ன ஆகும் என்று கேளுங்கள். பொதுவளங்களைப் பல தலைமுறை கெடாமல் காத்த சமூகங்களை ஆராய்ந்தவர் எலினோர் ஆஸ்ட்ரம் (2009-இல் பொருளாதார நோபல்). அங்கெல்லாம் முதல் தவறுக்குச் சின்னத் தண்டனை, மீண்டும் செய்தால் கூடுதல் என்று படிப்படியாகப் போவதையும், காவல் பார்ப்பவர்கள் அந்த வளத்தைப் பயன்படுத்துபவர்களாகவோ அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்களாகவோ இருப்பதையும் அவர் காட்டினார். பிள்ளைகள் முதல் வரைவை எழுதிய பிறகு இதைச் சொன்னால் போதும், முன்னாலேயே சொன்னால் அப்படியே எழுதிவிடுவார்கள்.

நான்காவது பீரியடில் சீட்டு. குழுவுக்கு ஆறு: 70 வயது நெசவாளி, பார்வையற்ற 12 வயதுப் பிள்ளை, கழிவு அகற்றுபவர், சபை உறுப்பினரின் மகன், பெரும்பான்மையினர் கும்பிடும் சாமியைக் கும்பிடாதவர், கைக்குழந்தையோடு தனியாக இருக்கும் தாய். எடுத்த சீட்டுக்காரரின் கண்ணால் தாங்கள் எழுதிய சட்டத்தையே படிக்க வேண்டும். ஆளுக்கு ஒரு திருத்தம் கேட்கலாம், ஆறில் நால்வர் சம்மதித்தால் நிறைவேறும். சீட்டு வரப்போகிறது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள், எது யாருக்கு என்பதை மட்டும் மறையுங்கள். அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் ராவ்ல்ஸ் 1971-இல் முன்வைத்த "அறியாமைத் திரை"யின் சாரமே அதுதான்: தனக்கு எந்த இடம் விழும் என்று தெரியாதவர் எழுதும் விதி.

தராசு

சீட்டு நல்ல உத்தி, ஆனால் படிப்பதோடும் பேசுவதோடும் நிற்கட்டும். வகுப்பையே அந்தச் சமூகமாக்கி இரண்டு மூன்று நாள் நடிக்க விடுவது எனக்குச் சம்மதமில்லை. 1967-இல் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் ஒரு வரலாற்று ஆசிரியர் சர்வாதிகாரத்தைப் புரியவைக்கத் தொடங்கிய வகுப்புப் பயிற்சி ஒரே வாரத்தில் கைமீறிப்போய் அவரே நிறுத்த வேண்டி வந்தது. கழிவுச் சீட்டு எடுத்த பிள்ளைக்கு அதுவே பட்டப்பெயராக ஒட்டிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. பீரியட் முடிந்ததும் சீட்டுகளை வாங்கிக் கிழித்துப்போடுங்கள்.

ஐந்தாவது பீரியடில் குழுவுக்கு ஒரே ஒரு நெருக்கடி. மூன்று கொடுத்தால் எல்லாவற்றுக்கும் "அரசு உதவும்" என்று ஒரு வரி எழுதித் தள்ளிவிடுவார்கள். நிலநடுக்கம், எரிமலை வேண்டாம், சாகசக் கதையாகிவிடும். விதியை உரசும் நெருக்கடி வேண்டும். மழை பொய்த்து 55 ஹெக்டேரில் 55 டன்தான் வந்தது, சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 1,050 கிலோ கலோரி. வயலில் உழைப்பவருக்குக் கூடுதலா, குழந்தைகளுக்கா? அல்லது வெளியூரிலிருந்து 60 பேர் அடைக்கலம் கேட்டு வருகிறார்கள். 560 பேருக்கு 122 டன்னுக்கு மேல் வேண்டும், 60 ஹெக்டேர் முழுக்கத் தானியமே போட்டாலும் 120 தான். சொற்பக் குறைவு என்பதால் "முடியாது" என்று சட்டென்று சொல்லவும் வராது, வந்தவர்களில் உழைப்பவர்களும் இருப்பார்கள் என்பதை யாராவது எடுத்துச் சொல்வார்கள்.

மார்க்: 20-இல் குழுவுக்கு 8, தனியாளுக்கு 8, ஆறாவது பீரியடில் மற்றக் குழுக்களைக் கேட்கும் கேள்விக்கு 4. தனியாள் மார்க்குக்கு வகுப்பிலேயே 15 நிமிடம், ஒரு பக்கம்: "எங்கள் குழுவின் எந்த விதியை நான் எதிர்த்தேன், எதிர்த்தரப்பின் வலுவான வாதம் எது?" வேடிக்கை பார்த்தவர் இதில் மாட்டிக்கொள்வார். சமூகம் "நல்லதா" என்பதற்கு மார்க் வேண்டாம். முடியாட்சி அமைத்த குழுவும் விதிகளை முரணில்லாமல் எழுதியிருந்தால் முழு மார்க் வாங்கலாம்.

கரும்பலகை

மூவருக்கும் நன்றி. ஒரு சந்தேகம்: ஆறு பேர் என்பதால் ஓட்டு மூன்றுக்கு மூன்று என்று நின்றால்? மிச்ச 5 ஹெக்டேர் மாதிரி மூன்று யோசனை இருந்தால் இன்னும் சிக்கல்.

வட்டமேசை

குழுவை மாற்ற வேண்டாம், அந்த முடக்கமும் பாடம்தான். சமநிலை வந்தால் பழைய நிலையே நீடிக்குமா, சீட்டுப் போடுவதா என்பதை முதல் ஓட்டுக்கு முன்பே எழுத வைத்துவிடுங்கள்.

மூன்று யோசனைக்கு ஒரு வேடிக்கை செய்து காட்டலாம். இரண்டு பேருக்குக் காய்கறி, பருத்தி, மேய்ச்சல் என்ற வரிசை. இரண்டு பேருக்குப் பருத்தி, மேய்ச்சல், காய்கறி. மீதி இரண்டு பேருக்கு மேய்ச்சல், காய்கறி, பருத்தி. இரண்டிரண்டாக ஓட்டுக்கு விட்டால் காய்கறி பருத்தியை 4-2 என்று வெல்லும், பருத்தி மேய்ச்சலை 4-2, மேய்ச்சல் காய்கறியை 4-2. பிரெஞ்சுக் கணித அறிஞர் கோந்தோர்சே 1785-இலேயே எழுதிய முரண் இது. எந்த இரண்டை முதலில் ஓட்டுக்கு விடுவது என்று தீர்மானிப்பவர் கையில்தான் முடிவு இருக்கும். அந்த வரிசையை யார் தீர்மானிப்பது என்று எந்தக் குழு விதி எழுதவில்லையோ, அதை ஆறாவது பீரியடில் மற்றக் குழுக்கள் பிடித்துக் கேட்கட்டும்.